பல்லுக்குள்ளே நம்ம ரப்பர்: வேர் சிகிச்சை வந்த கதை

இந்த இழை கொஞ்சம் நீளம். சாயா குடிச்சுக்கிட்டே வாசிங்க. சீனி மட்டும் கம்மியா இருக்கட்டும், பேசப் போறது பல்லைப் பத்தி.

சில மாதங்களுக்கு முன் ஓபியில் ஒருவர் வந்தார். வயது ஐம்பதுக்கு மேல். அருமனைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பால்வெட்டுத் தொழிலாளி. வலது தாடை வீங்கி, கன்னம் பளபளன்னு இருந்தது. சர்க்கரை வியாதியும் உண்டு.

"பல்லு வேதனை எவ்வளவு நாளா அண்ணே?"

"வேதனை ரெண்டு மாசம் முன்ன வந்துது சாரே. ராத்திரி படுத்தா உயிரு போவும். பெறவு அதுவா நின்னு போச்சு. இப்ப வேதனை இல்ல, வீக்கம் மட்டும்தான்."

அந்த "அதுவா நின்னு போச்சு" என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

வீக்கத்துக்கு முதலில் மருந்து கொடுத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்து, பல் பிரிவு மேடத்திடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம். "பல் உறுதியா இருக்கு, வேர் சிகிச்சை செய்தால் காப்பாற்றலாம்" என்றார் மேடம். அண்ணன் என்னிடமே திரும்பி வந்துவிட்டார்.

"எடுத்து விட்டா போரும் சாரே. வேருல மருந்து வச்சா கேன்சர் வருமாம். மவன் கல்ஃபுல இருந்து வீடியோ அனுப்பிருக்கான்."

ஃபோனை நீட்டினார். பார்த்தேன். சரளமான ஆங்கிலம், கீழே தமிழ் எழுத்து, நடுவில் பயமுறுத்தும் இசை. "செத்த உறுப்பை உடம்பில் வைத்திருப்பீர்களா?" என்று கேள்வி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எம்பிபிஎஸ் படிப்பில் பல்லைப் பற்றி நாங்கள் படிப்பது மிகக் கொஞ்சம். பல்வலி என்று வந்தால் ஒரு வலி மாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், "பல் டாக்டரைப் பாருங்க". பல வருஷம் நானும் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். "அது பொய் அண்ணே" என்று சொல்லலாம். ஏன் பொய் என்று கேட்டால்?

அதற்காகத்தான் வாசிக்க ஆரம்பித்தேன். வாசிக்க வாசிக்கக் கதை நம்ம ஊர் ரப்பர் மரத்தடியிலேயே வந்து நின்றது.

சரி, முதலில் இருந்து வருவோம்.

பல்லுக்குள் என்ன இருந்து வலிக்கிறது? இதற்கு மனுஷன் கொடுத்த முதல் பதில், புழு. பாபிலோனியக் களிமண் ஏட்டில் பல்புழு இருக்கிறது. சுஸ்ருதர் 'கிருமிதந்தம்' என்கிறார். நம்ம பாட்டிமார் கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கச் சொன்னதும் அந்தப் புழுவை விரட்டத்தான். ஐரோப்பாவில் வேறொரு செடியின் விதையை வைத்து இதையே செய்தார்கள். சூட்டில் விதை வெடித்து உள்ளிருந்து வெள்ளையாக முளைக்கரு தெறிக்கும். தண்ணீரில் விழுந்த அதைக் காட்டி, "இதோ புழு" என்றார்கள். பார்த்தவனுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

1728-ல் பாரிஸில் பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர் ஒரு பெரிய புத்தகம் போட்டார். நவீன பல் மருத்துவம் இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். சொத்தைப் பல்லை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன், புழு எதுவும் இல்லை என்று எழுதினார். சொத்தையைச் சுரண்டிவிட்டு, கிராம்பு எண்ணெயோ லவங்கப்பட்டை எண்ணெயோ நனைத்த பஞ்சை வைத்து, பிறகு ஈயத்தால் அடைப்பார்.

கிராம்பு! நம்ம மாவட்டத்தில் மாறாமலை, வேளிமலை பக்கம் விளைகிறதே, 2021-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே கிராம்புதான். அதில் உள்ள யூஜினால் என்ற பொருள் நரம்பை மரக்க வைக்கும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துத்தநாக ஆக்சைடையும் கிராம்பு எண்ணெயையும் குழைத்துப் பல்லில் வைக்க ஆரம்பித்தார்கள். இன்றும் பல் கிளினிக் கதவைத் திறந்ததும் வரும் அந்த மணம் அதுதான்.

புழு போனது. அடுத்த பதில், நரம்பு. வலிப்பது நரம்பு, அதைக் கொன்றால் வலி தீரும்.

1836-ல் அமெரிக்காவில் ஸ்பூனர் என்பவர் அதற்கு ஆர்செனிக் வைக்கச் சொன்னார். ஆமா, பாஷாணமேதான். நரம்பு செத்தது. சில பேருக்குப் பக்கத்து எலும்பும் சேர்ந்து செத்தது.

1838-ல் எட்வர்ட் மேனார்ட் என்ற பல் மருத்துவர் கடிகாரச் சுருள்கம்பியை அராவி மெல்லிய ஊசியாக்கினார். வேருக்குள் நுழைத்துச் செத்த சதையை இழுத்து எடுக்கலாம். வேர் சிகிச்சைக்கென்றே செய்த முதல் கருவி என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதே 1838-ல்தான் நம்ம நெய்யூரில் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் லண்டன் மிஷன் வைத்தியத்தைத் தொடங்கினார். சும்மா ஒரு ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன். மயக்க மருந்து புழக்கத்துக்கு வராத காலம் அது. திருவிதாங்கூரானாலும் நியூயார்க்கானாலும் பல்வலிக்காரன் பிடித்துக்கொள்ள நாற்காலிக் கை மட்டும்தான்.

(மரக்கும் ஊசி வந்த கதை தனி. 1884-ல் கொக்கெய்ன், 1905-ல் நோவோகெய்ன், 1943-ல் இன்று நாங்கள் போடும் லிக்னோகெய்ன். இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

சரி, உள்ளே சுத்தம் செய்தாயிற்று. வெறும் குழாயை எதை வைத்து அடைப்பது? தங்கம் வைத்துப் பார்த்தார்கள், ஈயம் வைத்துப் பார்த்தார்கள். குழாய் நேராக இருந்தால்தானே? கடைவாய்ப்பல் வேர் நம்ம மலைரோடு மாதிரி வளைந்து நெளிந்து போகும்.

இங்கேதான் மரத்துப் பால் வருகிறது.

மலாயாக் காட்டில் 'கட்டாபெர்ச்சா' என்று ஒரு மரம். அதன் பால் உறைந்தால் கெட்டியாகும். வெந்நீரில் போட்டால் மாவு போலக் குழையும், ஆறியதும் பிடித்த உருவத்திலேயே நிற்கும். மலாய் மக்கள் அதில் கத்திப்பிடி செய்துகொண்டிருந்தார்கள். 1840-களில் சிங்கப்பூரில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி அதைக் கவனித்து வெளியுலகுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையானது. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்துக் கடலுக்கடியில் ஓடிய கம்பிக்கும் அதுதான் சட்டை. அதே பொருளை 1867-ல் பௌமன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் மெல்லிய கூம்புகளாக்கி வேர்க்குழாய்க்குள் வைத்தார். 150 வருஷம் தாண்டியும் உலகம் முழுக்க வேர் சிகிச்சையில் வைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

கட்டாபெர்ச்சாவும் நம்ம ரப்பர் பாலும் வேதியியலில் கூடப்பிறந்தவர்கள். ஒரே அணுக்கள், ஒரே கண்ணிகள், கோர்த்த விதம் மட்டும் வேறு. தோவாளையில் அதே பிச்சிப்பூவை ஒருத்தர் நெருக்கமாகவும் ஒருத்தர் தளர்வாகவும் கட்டுவது போல. ஒன்று இழுத்தால் நீளும், மற்றது நீளாது, ஆனால் சொன்ன இடத்தில் நிற்கும்.

ஒரே ஒரு வருத்தம். ரப்பரைச் சீவிச் சிரட்டையில் பால் பிடிக்கலாம், மரம் பிழைக்கும். கட்டாபெர்ச்சாவுக்கு மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். தந்திக் கம்பிக்காக அழிந்த காடுகளுக்குக் கணக்கில்லை.

ரப்பரும் சும்மா இருக்கவில்லை. 1864 மார்ச், நியூயார்க். சான்ஃபோர்ட் பார்னம் என்ற இளம் பல் மருத்துவர் ஒரு கீழ்க் கடைவாய்ப்பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க எச்சில் ஊறி நிறைகிறது. நீர் புகாத துணியில் ஒரு ஓட்டை போட்டு, அதைப் பல்லின் கழுத்தில் மாட்டினார். பல் மட்டும் வெளியே, எச்சில் எல்லாம் கீழே! அதுவே பிறகு மெல்லிய ரப்பர் ஷீட் ஆனது. 'ரப்பர் டேம்' என்று பெயர், அதாவது ரப்பர் அணை. நமக்குப் பேச்சிப்பாறை போல, பல்லுக்கு ஒரு அணை. இதற்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. இலவசமாகவே எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

அது எல்லோருக்கும் வந்த புத்தி இல்லை. அதே காலத்தில் கெட்டியாக்கிய ரப்பரில் பல்செட் அடிக்கும் உரிமையை ஒரு கம்பெனி கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பல் மருத்துவரிடமும் கட்டணம் கேட்டு வழக்கு மேல் வழக்குப் போட்டது. 1879-ல் அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசியா பேக்கனை, சான் பிரான்சிஸ்கோவில் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர் சுட்டே கொன்றுவிட்டார். ரப்பருக்காக ஒரு கொலை.

அந்த ரப்பர் பல்செட்டால் இன்னொன்றும் நடந்தது. செட்டு மலிவானதும் "எல்லாப் பல்லையும் எடுத்துட்டு செட்டு மாட்டிக்கலாம்" என்ற எண்ணம் சாமானியனுக்கும் வந்துவிட்டது. பல்லைக் காப்பாற்றும் அணையும் ரப்பர், பல்லைப் பிடுங்கச் சொன்ன செட்டும் ரப்பர்.

இதெல்லாம் நடந்தபோது நம்ம மலையில் ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. பார்னம் பிடித்தது அமேசான் காட்டு ரப்பர். 1876-ல்தான் விக்ஹாம் பிரேசிலில் இருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கடத்தினார், நாற்றுகள் இலங்கைக்கு வந்தன. 1902-ல் திருவிதாங்கூரில், பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் தோட்டம் போட்டார்கள். அதற்கப்புறம்தான் நம்ம பக்கம் சிரட்டையும் பால்கத்தியும் வந்தன.

இனி கதையின் இருட்டுப் பகுதி. அண்ணனின் ஃபோனில் ஓடிய வீடியோ பிறந்த இடம் இதுதான்.

1895-ல் எக்ஸ்ரே வந்தது. நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1899-லேயே வேர்க்குழாய்க்குள் ஈயக்கம்பி விட்டுப் படம் எடுத்து, வேர் எவ்வளவு ஆழம் என்று அளந்தார். கதிரின் ஆபத்து யாருக்கும் தெரியாத காலம். வெறும் கையால் பிடித்துப் பிடித்தே விரல்கள் போயின, பிறகு கை போனது. 1928-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வேர் சிகிச்சைக்கு நாம் எடுக்கும் அந்தச் சின்னப் படத்துக்குப் பின்னால் இப்படி ஒரு மனுஷன் இருக்கிறார்.

எக்ஸ்ரே வந்ததும் அதுவரை தெரியாத ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. பழைய வேர் சிகிச்சைப் பற்களின் நுனியில் கறுப்பு வட்டங்கள், சீழ். ஏனென்றால் அன்றைய வேலை அவ்வளவு மோசம். கிருமி நீக்காத ஊசி, பாதி அடைத்த குழாய், மேலே பளபளக்கும் தங்க மூடி.

1910-ல் வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர் மான்ட்ரியலில் ஒரு உரை நிகழ்த்தினார். இந்தப் பற்களின் சீழ்தான் மூட்டுவலி முதல் ரத்தசோகை வரை எல்லாவற்றுக்கும் காரணம் என்றார். மோசமான வேலையைத் திட்டியதில் நியாயம் இருந்தது. ஆனால் கேட்டவர்கள் எடுத்துக்கொண்டது "செத்த பல் விஷம், பிடுங்கு" என்பதை மட்டும்.

பிடுங்கினார்கள். நூறு சதவீதக்காரர்கள் என்றே ஒரு கூட்டத்துக்குப் பெயர். நரம்பு செத்த பல் எதுவாக இருந்தாலும் நூற்றுக்கு நூறும் எடுப்பார்கள். நியூஜெர்சியில் டிரென்டன் மனநல மருத்துவமனையை நடத்திய ஹென்றி காட்டன் என்ற டாக்டர், பல்லில் உள்ள கிருமிதான் பைத்தியத்துக்குக் காரணம் என்று நம்பி, நோயாளிகளின் பற்களை ஆயிரக்கணக்கில் எடுத்தார். பல் எடுத்தும் குணமாகாவிட்டால் டான்சில், பெருங்குடல் என்று போனார். அதில் செத்தவர்கள் ஏராளம். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. தன் பிள்ளைகளின் பல்லையே எடுக்க வைத்தவர். ஒரு டாக்டராக இதை வாசிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. உறுதியாக நம்பிக்கொண்டே தப்பு செய்கிற டாக்டரை யார் தடுப்பது?

1923-ல் வெஸ்டன் பிரைஸ் என்ற பல் மருத்துவர் இரண்டு பெரிய தொகுதிகள் போட்டார். நோயாளிகளின் வேர் சிகிச்சைப் பல்லைப் பிடுங்கி, முயலின் தோலுக்கடியில் தைத்தாராம். நோயாளிக்கு என்ன வியாதியோ அதே வியாதி முயலுக்கும் வந்ததாம். நம்ம வாட்ஸப் வீடியோ தாங்கி நிற்பது இந்த முயலைத்தான். 2018-ல் 'ரூட் காஸ்' என்ற ஆவணப்படம் இதையே புதுச்சட்டை போட்டுக் காட்டியது. எதிர்ப்பு கிளம்பி, 2019-ல் நெட்ஃபிளிக்ஸ் அதை எடுத்துவிட்டது. ஆனால் வாட்ஸப்பில் இருந்து யார் எடுப்பது?

முயல் கணக்கில் எங்கே பிசகு? பிரைஸ் வைத்த பற்களில் கிருமி மலை மாதிரி இருந்தது. அவ்வளவு கிருமியைத் தைத்தால் முயல் நோயில் விழத்தானே செய்யும்? இன்னொன்று, 1930-களில் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். பல்லை ஆட்டிப் பிடுங்கும்போதே ஈறில் உள்ள கிருமி வேருக்குள் உறிஞ்சப்படுகிறது. ஈறைச் சுட்டுக் கிருமி நீக்கிவிட்டுப் பிடுங்கினால் வேரில் கிருமி காணோம். பல்லில் இருந்ததாக நினைத்த கிருமியைப் பிடுங்கிய கையே உள்ளே அனுப்பியிருக்கிறது!

பல்லெல்லாம் எடுத்தும் மூட்டுவலி போகாத நோயாளிகள் ஒரு பக்கம் கூடிக்கொண்டே போனார்கள். 1950-களுக்குள் அந்தக் கொள்கையை மருத்துவம் கைவிட்டது.

கடைசி ஆணி 1965-ல். ககெஹாஷி என்பவரும் இரண்டு கூட்டாளிகளும் அமெரிக்காவில் எலிகளின் பல்லில் பற்கூழ் திறக்கும் அளவுக்கு ஓட்டை போட்டு அப்படியே விட்டார்கள். சாதா எலிகளுக்குப் பற்கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் வைத்தது. பிறப்பிலிருந்தே ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு? அதே ஓட்டை, அதற்குள் அதே தீனித் துணுக்கு. ஆனால் பற்கூழ் உயிரோடு இருந்தது, ஓட்டையைத் தானே மூடவும் செய்தது.

ஆக, புழு இல்லை. நரம்பும் குற்றவாளி இல்லை. செத்த சதைகூட இல்லை. கிருமிதான். கிருமி உள்ளே இருந்தால் பல் ஆபத்து. கிருமியை வெளியேற்றி, திரும்ப வராமல் அடைத்தால் அந்தப் பல் எலும்பில் ஊன்றிய ஒரு நல்ல தூண். பல்லின் வேரைப் பிடித்திருக்கும் இழைகளுக்கு வெளியிலிருந்து ரத்தம் வந்துகொண்டேதான் இருக்கிறது. வீடியோ சொல்வது போல அது 'செத்த உறுப்பு' இல்லை.

இப்போது அண்ணனின் "அதுவா நின்னு போச்சு".

பற்கூழ் இருப்பது நாலு பக்கமும் கல்சுவர் போன்ற அறையில். அழற்சி வந்து வீங்கினால் விரிய இடமில்லை. படுத்தால் தலைக்கு ரத்தம் கூடும், அழுத்தம் கூடும், அதனால்தான் ராத்திரி உயிர் போகிறது. சில வாரத்தில் பற்கூழ் செத்துவிடும். வலி நிற்கும். நாம் சரியாகிவிட்டது என்று நினைப்போம். உள்ளே கிருமிக்குப் பூட்டு போட்ட வீடு கிடைத்திருக்கும். நான் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக் ரத்தத்தில் போகிற மருந்து. ரத்த ஓட்டமே செத்த அறைக்குள் அது எப்படிப் போகும்? வெளியே உள்ள வீக்கம் வற்றும், உள்ளே குடியிருப்பவன் அப்படியே இருப்பான்.

அந்த வீக்கம் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பரவி, நாக்கை மேலே தூக்கி, மூச்சுக்குழாயை அடைப்பதும் உண்டு. 1836-ல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்ததால் அவர் பெயரே அதற்கு. ஒரு சொத்தைப் பல்லில் தொடங்கி ஐசியூவில் முடிந்ததை நானே பார்த்திருக்கிறேன். வீக்கத்தோடு காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கக் கஷ்டம் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீங்க. சர்க்கரை உள்ளவர்கள் கண்டிப்பாக.

அப்போ இன்றைக்கு வேர் சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்? மரக்க ஊசி, ரப்பர் அணை, பல்லில் ஒரு வாசல், வளையும் நிக்கல் டைட்டானியம் அரங்களால் குழாயைச் சீவுதல், நடுநடுவே கழுவுதல். கழுவும் தண்ணீர் முதல் உலகப்போரில் டேக்கின் என்பவர் காயங்களுக்குக் கொடுத்த ஹைப்போகுளோரைட். நம்ம வீட்டு ப்ளீச்சின் அளந்து செய்த உறவுக்காரன். அது வாய்க்குள் சிந்தாமலும், மயிரிழை போன்ற அரம் தொண்டைக்குள் நழுவாமலும் காப்பது அந்த ரப்பர் ஷீட்தான். இரண்டு தடவையாகச் செய்தால் நடுவில் வைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் சுத்தமான வடிவம். (அதுக்காக வீட்டுச் சுண்ணாம்பைப் பல்லில் அப்பாதீங்க. வாய் வெந்து வந்தவர்கள் உண்டு.) கடைசியில் கட்டாபெர்ச்சா, மேலே மூடி.

எல்லாப் பல்லையும் காப்பாற்ற முடியாது. ஈறுக்குக் கீழே பிளந்தது, ஆடிப்போனது என்றால் எடுப்பதுதான் சரி. வேர் சிகிச்சையும் நூற்றுக்கு நூறு ஜெயிப்பதில்லை, சிலது திரும்பச் செய்ய வேண்டி வரும். கடைவாய்ப்பல்லுக்குக் கேப் போடாமல் விட்டால் ஒருநாள் முறுக்கு கடிக்கும்போது பிளக்கும்.

நம்ம நாட்டில் இது சாமானியனுக்கு எட்டியது ரொம்பத் தாமதம். 1920-ல் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கினார். பல் மருத்துவர் சட்டம் 1948-ல். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல், அதுவும் முதலில் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஒரு பிரிவாக. நம்ம தாத்தாமாருக்குப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. "எடுத்து விட்டா போரும்" என்பது அவர்கள் விட்டுப்போன பேச்சு.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன், இவ்வளவு நீளமாக இல்லை. முயல் கதையைச் சொன்னதும் சிரித்தார். "மொசலுக்குப் பல்லத் தச்சு வச்சானா?" மகனுக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினோம்.

இரண்டு வாரம் கழித்து, ஓபி முடிந்து பல் பிரிவு வழியாகப் போனேன். அண்ணன் நாற்காலியில். வாய்க்கு மேலே பச்சை ஷீட் இழுத்துக் கட்டியிருக்கிறது, நடுவில் ஒற்றைப் பல் எட்டிப் பார்க்கிறது. பேச முடியாது. என்னைப் பார்த்ததும் விரலால் ஷீட்டைத் தொட்டு, மூக்கைக் காட்டி, கண்ணாலேயே ஏதோ கேட்டார்.

வேலை முடிந்து வெளியே வந்ததும் வாய் கோணியபடியே சொன்னார்.

"சாரே, அது நம்ம பாலுல்லா! மணத்துலயே பிடிச்சுட்டேன். நாங்க வெட்டுத பாலு இவ்வளவு மெலிசா வருமா? ஷீட்டு கிலோவுக்கு என்ன வெல போடுதாவ?"